ஒரு பாய் இடத்தின் வாடகை

வீட்டுக்கார அண்ணாச்சியின் வலதுகைச் சுட்டுவிரல் நுனி எப்போதும் வெளுத்திருக்கும். வெற்றிலைக்குத் தடவியது போக விரலில் ஒட்டிய சுண்ணாம்பை அவர் துடைப்பதில்லை. டப்பாவிலிருந்து மறுபடி மறுபடி தொட்டு, மூச்சு வாங்கக் குனிந்து, எங்கள் அறையின் தரையில் கோடு போடுவார். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு பாய் விரிக்கலாம். நாங்கள் வாடகை கொடுத்தது அந்தப் பாய் அகலத்துக்குத்தான். அறை முழுவதும் அவருடையது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கலக்கப் படித்துத் தேறி, அங்கேயே கம்பவுண்டராகச் சேர்ந்த புதிதில் நான் அங்கே குடிபோனேன். தனியாக வேலைக்கு வந்த பெண்ணுக்கு ஆற்றையொட்டிய வண்ணாரப்பேட்டையில் கதவு திறந்த வீடு அது ஒன்றுதான். அண்ணாச்சி அதைத் தருமம் என்றே சொல்லிக்கொள்வார். கருப்பட்டி வியாபாரம் அவருக்கு. அறையின் உள்சுவரை ஒட்டி ஓலைச் சிப்பங்கள் அடுக்கியிருக்கும், ஈரம் ஏறாமல் அடியில் பலகை போட்டு. கருப்பட்டிக்கு வெளிக்காற்று ஆகாது என்று இருந்த ஒரே சன்னலையும் ஆணி அடித்து மூடியிருந்தார்.

எனக்கு அடுத்த பாய் டீச்சரக்காவுடையது. திசையன்விளைக்காரி, பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொன்னாள். அவள் அனுப்பும் பணத்தில்தான் ஊரில் இரண்டு தங்கைகள் படித்தார்கள். நான் வந்த அன்றே என்னிடம், "ஏட்டி, பாத்தியா, கருப்பட்டிக்குப் பலகை. நமக்குத் தரை. அடுத்த பெறப்புல கருப்பட்டியாப் பெறக்கணும்" என்றாள்.

நான் சேர்ந்தபோது இரண்டு கோடுகள், மூன்று பேர். பிறகு ஐரோப்பாவில் சண்டை வந்தது. மண்ணெண்ணெய் ஏறியது, துணி ஏறியது, அரிசியும் ஏறியது. இவற்றோடு கருப்பட்டி வீட்டு வாடகையும் ஏன் ஏற வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. கேட்டால், "சண்டை நடக்குல்லா தாயி, நான் என்ன செய்ய?" என்பார், ஏதோ அந்தச் சண்டைக்கு அவர்தான் தினமும் போய் வருவதுபோல. ஏற்றின வாடகை பிடிக்காவிட்டால் போகலாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஈரத்துணியால் பழைய கோட்டை அழித்து, புதிதாக ஒன்று கூடுதலாகப் போடுவார். ஆறு மாதத்தில் ஐந்து பேரானோம். ஒருத்தி புரண்டால் ஐவரும் புரள வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் டீச்சரக்காவுக்கு இருமல் கண்டது. விடியற்காலையில் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு இருமுவாள், எங்களை எழுப்பக் கூடாதென்று. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் எவ்வளவு இடைவெளி, நெஞ்சு நோயாளிக்கு எந்தச் சன்னல் என்றெல்லாம் விதி உண்டு. இந்த அறையில் இப்படியே கிடந்தால் அவள் இருமல் எங்கே போய் நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். ஒன்று, சன்னல் ஆணியை எடுக்க வேண்டும். இரண்டு, ஒழுகும் ஓடு மாற்ற வேண்டும். மூன்று, கிணற்றுக்கு நல்ல கயிறு. நான்கு, சிப்பங்களை அப்புறப்படுத்த வேண்டும். இப்படி ஏழு. மருந்துப் புட்டிக்குச் சீட்டு எழுதும் அதே திருத்தமான எழுத்தில், எண் போட்டு.

அண்ணாச்சி கோபப்படவில்லை. என்னையே வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "படிச்ச புள்ளன்னா இப்படில்லா இருக்கணும்" என்று தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் ஏழில் ஆறு நடந்தது. சிப்பங்கள் மட்டும் நகரவில்லை. சன்னல் திறந்ததும் ஆற்றுக்காற்று உள்ளே வந்தது. அன்று மற்ற நால்வரும் என்னைக் கொண்டாடினார்கள். டீச்சரக்கா சன்னலோரம் பாயை இழுத்துப் போட்டு, பல நாளுக்குப் பிறகு இருமாமல் தூங்கினாள்.

முதல் தேதி அன்று அண்ணாச்சி மனைவியை முன்னால் விட்டு உள்ளே வந்தார். கையில் என் பட்டியல். செய்து முடித்த ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு தொகை எழுதியிருந்தது. ஓட்டுக்கு, கயிற்றுக்கு என்று ஆளுக்கு இவ்வளவு. சன்னலோர இடத்துக்குத் தனி. "நீங்க கேட்டதுதானம்மா. நானா ஒண்ணும் சேக்கல" என்றார். பொய் இல்லை.

சன்னலோரத்துக்குக் கொடுக்க முடிந்தவள் நான் ஒருத்திதான். நான் கொடுக்கிறேன், நீங்கள் படுங்கள் என்று டீச்சரக்காவிடம் சொன்னேன். ஒருமுறைதான் சொன்னேன். "வேண்டாம்ளா. இன்னிக்கு ஒன் காசுல படுத்தா நாளைக்கு ஒன் முகத்தப் பாக்க முடியாது" என்று அவள் சிப்பங்களை ஒட்டிப் பாயை விரித்தாள். நான் சன்னலோரம் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். தை பிறப்பதற்குள் அவள் வேலையை விட்டு ஊருக்குப் போனாள். உடம்பு தேறியதாகவும், தங்கைகள் இருவரும் படிப்பை நிறுத்தி ஓலைப்பெட்டி முடைவதாகவும் பிறகு ஒரு கடிதம் வந்தது. பதில் எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன்.

இப்போது எனக்கு ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஜாகை. போன மாதம் வண்ணாரப்பேட்டைப் பக்கம் போனபோது அண்ணாச்சி வாசலில் நின்றிருந்தார். வீட்டுக்கு மாடி எழும்பியிருந்தது. வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்து, "உள்ள வாங்க தாயி. ஒங்க ஜாபிதா இன்னும் இருக்கு. புதுசா வாரவளுக்கெல்லாம் அதத்தான் காட்டுதேன். அதப் பாத்தா ஒருத்தியும் வாயத் தெறக்க மாட்டா" என்றார்.

அறைக் கதவின் உட்புறம் என் பட்டியல் ஒட்டியிருந்தது. தொகைகளை இரண்டு மூன்று முறை அடித்து ஏற்றியிருந்தார். என் எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை. முதல் எண்ணின்மேல், சன்னல் என்ற இடத்தில், ஒரு விரல் நுனியளவு சுண்ணாம்பு காய்ந்திருந்தது.