சித்தியின் மோதிரம்

மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே என் கட்டைவிரலில் நிச்சயதார்த்த மோதிரம் ஏறிவிட்டது. என்னுடையதல்ல, சித்தியுடையது. சித்தி என்றால், என் சித்தப்பாவுக்கு நிச்சயமாகியிருந்தவர். கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் நான் முந்திக்கொண்டு சித்தி என்றே கூப்பிடுவேன். கூப்பிட்டதும் அவருக்கு வெட்கத்தில் முகம் சிவக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே காரணமில்லாமல் கூப்பிடுவேன்.

நாங்கள் இருந்தது அருவங்காட்டில், குவார்ட்டர்ஸில். சித்தியின் வீடு அடுத்த வரிசை. வெடிமருந்து பேக்டரியில் அவருக்கு வேலை. உள்ளே உலோகத் துணுக்குகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள், ஹேர்பின்னையும் கழற்ற வேண்டும். மோதிரத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் பட்டாளத்துக்குக் கிளம்பும்போது சித்தப்பா, அது சும்மா கிடக்கக் கூடாது, யார் விரலிலாவது இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். அதனால் ஷிப்டுக்குப் போகிற வழியில் சித்தி அதை நூல் சுற்றி என் விரலில் மாட்டிவிட்டுப் போவார்.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்றிருந்தார்கள். அதற்குள் எல்லையில் சண்டை மூண்டது. சித்தப்பாவின் லீவு ரத்தானது. பேக்டரியில் எல்லோருக்கும் ஓவர்டைம். அவரை ஊருக்கு வரவிடாத சண்டை, இவரை வீட்டிலும் இருக்கவிடவில்லை.

சித்தப்பா எங்கள் வீட்டு போனுக்குத்தான் கூப்பிடுவார். அங்கே பனிமலையில் முகாமுக்கே ஒரு போன், வரிசையில் நிற்க வேண்டும். அவர் முறை வரும்போதெல்லாம் சித்தி ஷிப்டில் இருப்பார்.

“சித்தி இருக்குதா, கண்ணு?”

“வேலைக்குப் போயிட்டாங்க சித்தப்பா.”

காற்றின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, “மோதரம் உன்ற கையிலதான? போன் மேல ஒருக்காத் தட்டு” என்பார்.

தட்டுவேன். இன்னொருக்கா என்பார். “இவன் பேசறதுக்குக் கூப்படறானா, தட்டறதக் கேக்கறதுக்கா?” என்று அப்பா சிரிப்பார். ஷிப்டு முடிந்து வரும் சித்தி, எத்தனை தரம் தட்டச் சொன்னார் என்றுதான் முதலில் கேட்பார். நான் கூட்டித்தான் சொல்வேன்.

மழை கொட்டிய ஒரு நாள் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்து, ஹலோகூடச் சொல்லாமல் தட்டினேன். பதில் இல்லை. கேட்கவில்லையாக்கும் என்று ஓங்கித் தட்டினேன். பழக்கமில்லாத ஒரு குரல், “பெரியவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?” என்றது.

கொடி போர்த்திய பெட்டியில் சித்தப்பா வந்தார். கல்லறைத் தோட்டத்தில் துப்பாக்கிகள் வெடித்தபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன். சித்தி பொத்தவில்லை, அழவும் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு ஒரு நாள் அம்மா என்னைத் தனியே அழைத்தார். “இனிமே அவங்களச் சித்தின்னு கூப்படாத, அக்கான்னு கூப்புடு. அந்தப் புள்ளைக்கும் ஒரு வாழ்க்கை வேணுமில்ல?”

சண்டை ஓயவில்லை, ஓவர்டைமும் நிற்கவில்லை. சித்தி மறுபடி வேலைக்குக் கிளம்பினார். வழக்கம்போல் எங்கள் வாசலில் நின்று மோதிரத்தைக் கழற்றி, நூல் சுற்றி, என் விரலில் மாட்டினார்.

“பத்தரமா வெச்சுக்க.”

“சரிங்க்கா” என்றேன்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கல்லறைத் தோட்டத்தில் வராத அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது. ஷிப்டு சங்கு ஊதியும் எழவில்லை. சொன்னபடி கேட்டிருக்கிறேன், அம்மா மெச்சுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் அழுதுகொண்டிருந்தார். நூல் இறுகி வலித்தது எனக்கு. இவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்றுதான் விளங்கவில்லை.