துக்கம் கேட்க வந்தவர்களும் ஒரு குட்டி ஏஞ்சலும்

போன வாரம் பல் பிடுங்க ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் பெரிய மீன்தொட்டி. அதன்மேல் 'மீன்களுக்கு உணவு போடாதீர்கள்' என்று ஓர் அட்டை. பல்வலி மறந்து அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் சொல்லியிருக்கிறேனோ என்னவோ, கல்யாணத்துக்கு முன்னால் நான் உக்கடத்தில் ஒரு வண்ணமீன் கடையில் இருந்தேன். வீடு வீடாகப் போய்த் தொட்டி கழுவித் தருவது வேலை. கடல்மீன் தொட்டி என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். நான் அதுவரை கடலைப் பார்த்ததேயில்லை என்பது வேறு விஷயம். உப்புப் பாக்கெட்டின் முதுகில் அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு ஊருக்கே வகுப்பெடுப்பேன். ஈர ஸ்பாஞ்சும் உப்பும் கலந்த அந்த வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் கையைவிட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டுத் தொட்டியும் என் பொறுப்பு. கணவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் ஜெரி ஆசைப்பட்டு வைத்த தொட்டி அது. உள்ளே ஒரே ஒரு மீன். பவளப்பாறையில் வாழும் ஏஞ்சல், அதிலும் குட்டி இனம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உடம்பு கருநீலம், விலாவில் கனகாம்பர நிறம். கல்லில் படிந்த பாசியை நாளெல்லாம் கொறித்துக்கொண்டிருக்கும். தீனி ஒரு சிட்டிகை போட்டால் போதும். பம்ப் கம்பெனியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஜெரி அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவான். "பொண்ணு பாக்கலாம்னா இவன் மீனைப் பாத்துட்டு இருக்கறானுங்க" என்று டீச்சரம்மா சிரிப்பார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் பைக்கில் வந்தவனை லாரி அடித்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல என்னால் ஆகாது.

நான் போனபோது அடக்கம் முடிந்திருந்தது. டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவன் வளத்ததுல உசுரோட இருக்கறது இது ஒண்ணுதானுங்க. எப்படியாச்சும் காப்பாத்திக் குடுத்துருங்க." பெரிய மனுஷன் மாதிரி, "நானிருக்கறேனுங்க" என்றேன்.

துக்கம் கேட்க ஜனம் வந்துகொண்டேயிருந்தது. எங்கள் பக்கத்து மரியாதைதான் தெரியுமே, வெறுங்கையோடு வரமாட்டார்கள். பன், பிஸ்கட், வர்க்கி. வந்துவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்பார்கள். அப்போது யாராவது ஒருவர், "ஜெரி வளத்ததுங்களா? பாவம், அது சாப்புட்டுச்சோ என்னமோ" என்று பன்னைப் பிய்த்துத் தொட்டியில் போடுவார். அவரைப் பார்த்து அடுத்தவர். ஒரு ஜீவனைப் பட்டினி போட்டுவிட்டுப் போக இந்த ஊரில் யாருக்கும் கால் எழாது. தொட்டியை மூடி வைத்தேன், திறந்து போட்டார்கள். தண்ணீர் அரிசி களைந்த நீராகக் கலங்கியது. உப்புக் கரைத்த தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுபோய் மாற்றுவேன்; மறுநாள் போனால் அதே நாற்றம். மீன் கல்லிடுக்கை விட்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"டீச்சர், ஒண்ணும் போட வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. அது தாங்காதுங்க" என்று கெஞ்சினேன்.

"எப்படிங்க தம்பி சொல்றது? என்ற மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் அவங்க அங்க போயி நிக்கறாங்க."

அப்போதும் பக்கத்து வீட்டுப் பெரியவர் வர்க்கியும் கையுமாகத் தொட்டியருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சாப்புடு கண்ணு" என்றார் மீனிடம். அவரை எந்த வாயால் அதட்டுவது?

மறுநாள் காலை அது கல்லோரம் சாய்ந்து கிடந்தது. கனகாம்பரம் வெளுத்துப் போயிருந்தது. டீச்சரம்மா அழவில்லை. "எல்லாரும் நல்லவங்கதானுங்க" என்று மட்டும் சொன்னார்.

மீன் போனபின் தொட்டி இருந்த அறையில் நிற்க யாருக்கும் ஒரு சாக்கு இல்லை. ஹாலில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பிறகு வாசலோடு விசாரித்தார்கள். பிறகு வரவேயில்லை. நல்லவர்கள்தான், என்ன செய்வார்கள்? நானும்தான் வேறு வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்தேன், போகாமலே இருந்துவிட்டேன். உக்கடத்துக் கடை இருந்த இடத்தில் இன்று பாலத்தின் தூண் நிற்கிறது. கடல் சூடேறி, அந்த மீன் வாழும் பவளப்பாறைகளே வெளுத்துச் சாகின்றனவாம்.

டீச்சரம்மா போன செய்தி தாமதமாகத்தான் வந்தது. துக்கம் கேட்கப் போனேன். அந்த வீட்டில் யாரிடம் போய்க் கேட்பது?