பெரிய வெள்ளிக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்

சபையாருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, நேராக என் வயிற்றெரிச்சலுக்கே வந்துவிடுகிறேன். ஒருவன் நாசமாகப் போக வேண்டும் என்று நான் ஜெபித்தேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாற்பது நாளும் ஜெபித்தேன். கர்த்தர் கேட்டார். எப்படிக் கேட்டார் என்பதுதான் என் சாட்சி.

என் பெயர் ஜெசிந்தா. ஊர் புத்தலப்பட்டு. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சின்னக் கடைகளுக்கு இணையத்தில் பக்கம் அமைத்து, படம் போட்டு, வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில் எழுதி, நாலு பேர் கண்ணில் படும்படி செய்வது என் வேலை. இங்கிருந்து அங்கே எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். என் அக்கா குவைத்தில் நர்ஸ். அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிலிப்பினோ நர்ஸின் அம்மா லூர்தெஸ், இலோய்லோ என்ற ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். முதலில் அவர் கடைக்குச் செய்தேன். அங்கே அம்மாவை 'நனாய்' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் சொல்லித்தான் சாசேஜ் கடை, தையல் கடை என்று ஐந்து கடைகள் என்னிடம் வந்தன.

வேலை கூடியதும் பிரேமைச் சேர்த்துக்கொண்டேன். எங்கள் சபைப் பையன்தான். ஒரு கிறிஸ்துமஸ் கேக்குக்கு வந்தால், அடுத்த கிறிஸ்துமஸ் கேக்குக்குத்தான் திரும்ப வருவான். திருப்பதியில் ஒரு மாடி அறை பிடித்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். எந்தப் பக்கம் அமைத்தாலும் அதற்குக் கடைக்காரரின் போன் நம்பரைத்தான் காவலாகப் போடுவேன். பாஸ்வேர்டு தொலைந்தால் பக்கத்தைத் திறக்கும் ரகசிய எண், அந்தக் 'கோடு', அந்த நம்பருக்குத்தான் போகும். பிரேமுக்கு அது பிடிக்காது.

"இன்னாக்கா, சாவிய அவுங்க கையிலயே குடுத்துட்டா, நாளைக்கு நம்மள எதுக்குத் தேடுவாங்க?" என்பான்.

"கடை அவுங்களுது பிரேம்" என்பேன்.

போன வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து நான் அறைக்குப் போனபோது பூட்டு மாறியிருந்தது. ஐந்து பக்கங்களின் பாஸ்வேர்டும் மாறியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஜெசிந்தா பாஸ்வேர்டுகளைத் திருடிக்கொண்டு ஓடப் பார்த்தாள், நான்தான் காப்பாற்றினேன் என்று ஐந்து கடைக்காரர்களுக்கும் எழுதிவிட்டான். நான் பதறியடித்து நனாய்க்கு எழுதினேன். 'கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்' என்று ஒரு வரி வந்தது. அதற்கப்புறம் பதிலே இல்லை. மகளே மகளே என்று கூப்பிட்டவர் என்னைத் திருடி என்று நினைத்துவிட்டார்.

லெந்து தொடங்கியதும் டீயை விட்டேன். டீ எனக்கு உயிர். நாக்கு டீக்குத் தவிக்கும்போதெல்லாம் பிரேமின் பெயரைச் சொன்னேன். "கர்த்தாவே, அவனை நாலு பேர் முன்னால் வெட்கப்படுத்தும். ஊரே காறித் துப்பட்டும்." இதுதான் ஜெபம். பெண்கள் கூட்டத்தில் எஸ்தர் ஆண்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்காவவும் ஜெபம் பண்ணும்மா" என்றார்.

"தெனமும் பண்ணிக்கினுதான் ஆண்ட்டி இருக்கேன்" என்றேன். பொய் இல்லையே.

பெரிய வெள்ளி வந்தது. சித்தூரில் எங்கள் சபையில் மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் கர்த்தர் சொன்ன முதல் வார்த்தை மன்னிப்பைப் பற்றியது. அது வேறு யாருக்கோ என்று உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்து போனைத் திறந்தால், 'பிரேம் போனை எடுக்கவில்லை, நீயாவது உதவு மகளே' என்று நனாயிடமிருந்து வரிசையாகச் செய்திகள். கடைசியில் ஒரு படம். அதைப் பார்த்ததும் செருப்பைப் போடக்கூட மறந்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பிரேம் எல்லாப் பண்டிகைக்கும் சேர்த்து ஒரே அச்சில் வாழ்த்துகள் செய்து, அந்தந்த நாளில் தானாகப் போகும்படி வைத்திருக்கிறான். நம் ஊர்ப் பழக்கம் தெரியுமே, காலண்டரில் சிவப்பாக ஒரு நாள் இருந்தால் 'ஹேப்பி' சேர்த்து அனுப்பிவிட வேண்டியது. ரொட்டிக்கடைப் பக்கத்தில் பலூன், பட்டாசு, 'ஹேப்பி குட் ஃப்ரைடே! ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்!' ஐந்து கடைகளிலும் அதே. கறி தொடாத அந்த நாளில், கறி விற்கும் சாசேஜ் கடையிலும் அதே!

அங்கே அன்றைக்கு ஊரே துக்கம் காக்கும். கடைகள் அடைத்திருக்கும். ஜனங்கள் சொரூபத்தின் பின்னால் ஊர்வலம் போவார்கள். பிரேமோ லீவு நாள் என்று போனை அணைத்துவிட்டு நண்பர்களோடு எங்கோ அருவிக்குப் போயிருந்தான்.

சொல்வதற்கு வெட்கமில்லை, எனக்குச் சந்தோஷம் பொங்கியது. மாட்டினான்! அப்படியே கிடக்கட்டும், நாள் முழுக்க நாறட்டும் என்று நினைத்தேன். நாறுவதைப் பார்க்க ஆசையாகக் கீழே இருந்த வசைகளைப் படித்தேன். பிரேம் பெயர் ஒன்றில்கூட இல்லை. 'லூர்தெஸ், உனக்கு விசுவாசமே இல்லையா? உன் புருஷன் கல்லறையில் இருந்து பார்க்கிறான்.' அவர் தெருவில் இருக்கிறவர்களே எழுதியிருந்தார்கள். நான் கேட்ட வெட்கம் அந்த அம்மாவின் வாசலில் போய் விழுந்திருந்தது.

அங்கேயே உடைந்து அழுதேன். ஆனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. வீடியோவில் கூப்பிட்டேன். ஊர்வலத்துக்குக் கறுப்பு உடுத்தி, போகப் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மற்றதையெல்லாம் மாற்றிய பிரேம், கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் என்று காவல் நம்பரை மட்டும் தொடாமல் விட்டிருந்தான். கோடு அவர் போனுக்கு வந்தது. எண் எண்ணாகப் படித்தார், நான் அடித்தேன், பக்கம் திறந்தது. பலூனை அழித்தேன். கறுப்புப் பின்னணியில் நடந்ததை இரண்டு வரியில் எழுதி, மன்னிப்புக் கேட்டு, 'இன்று கடை இல்லை' என்று போட்டேன். மற்ற நான்கு கடைகளுக்கும் நனாயே பேசிக் கோடு வாங்கிக் கொடுத்தார்.

"சாவியை என் கையில் வைத்தவளையா திருடி என்று நம்பினேன்?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து ஊர்வலத்துக்குப் போனார். சனிக்கிழமைக்குள் ஐந்து கடைகளும் என்னிடமே திரும்பிவிட்டன.

ஈஸ்டர் காலையில் டீயைக் கையில் எடுத்தபோது பிரேம் போன் செய்தான்.

"அக்கா, அஞ்சுல ஒண்ணாவது எனக்கு வுடுக்கா."

"நீ எனக்கு எத்தினி வுட்ட?"

போனை வைத்துவிட்டுக் குடித்தேன். அப்படி ஒரு டீ நான் குடித்ததே இல்லை.

இப்போதும் டீ குடிக்கையில் அவன் பெயர் வாயில் வருகிறது. "கர்த்தாவே, அவனுக்கு ஒரு வேலை கொடும், என் வேலையைத் தவிர" என்கிறேன். இவ்வளவுதான் முடிகிறது. மீதியை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்களுக்கும் துரோகம் செய்தவர்கள் இருப்பார்கள். கோபத்தை மறைக்காமல் அப்படியே அவரிடம் கொண்டுபோங்கள். அவர் முகம் சுளிக்க மாட்டார். என் பெயரை எனக்குத் திருப்பித் தந்தவர் உங்களுக்கும் தருவார். ஆனால் ஒன்று. யாருக்காவது தண்டனை கேட்பதானால், அது யார் வீட்டு வாசலில் போய் இறங்கும் என்று ஒரு தரம் யோசித்துவிட்டுக் கேளுங்கள்.