அம்சத்தின் கட்டைவிரல்

அம்சத்துக்கு இப்படியொரு கதி வந்திருக்கவே கூடாது. பதினோரு வருஷமாகத் தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையோரக் கம்பெனியில் பிசிறு எடுக்கிறவள். இரும்புத்தூளை அச்சில் அழுத்தி, உலையில் சுட்டெடுத்த பல்சக்கரங்கள் அவள் பலகைக்கு வரும். அரத்தால் ஓரத்தில் ஒரு இழுப்பு, கட்டைவிரலால் ஒரு தடவல். நெல்லுமுனை அளவு பிசிறு இருந்தாலும் விரல் சொல்லிவிடும். அந்த விரல்தான் சர்க்கரை வியாதியில் எட்டு மாதமாக மரத்துக் கிடந்தது.

வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். தென்னையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷன் வீரையனுக்குக் கஞ்சி ஊற்ற வேறு நாதி ஏது? வாயைத் திறக்கவில்லை மகராசி.

ஆனாலும் அவள் தட்டில் ஒரு பிசிறுகூடத் தப்பவில்லை.

எதிர்ப்பலகையில் முன்பு மெஹராஜ் பேகம் இருந்தாள். சாயங்காலம் இருவரும் தட்டை மாற்றிச் சரிபார்ப்பார்கள். அம்சம் எதையாவது விட்டிருந்தால், பேகம் எப்போதும் பிளாஸ்திரி சுற்றியிருக்கும் தன் விரலால் அவள் கட்டைவிரலைப் பிடித்து அந்த இடத்தில் அழுத்துவாள். "எங்கடி பராக்கு பாத்த? இந்தா, இங்க!"

பேகம் போன வருஷம் செத்துப்போனாள். அம்சத்தின் விரல் மரத்த வாரமே அந்த அழுத்தல் திரும்ப வந்தது. பட்டப்பகலில், மெஷின் இரைச்சலுக்கு நடுவே, பிளாஸ்திரி சுற்றிய சில்லிட்ட விரலொன்று. எதையும் உணராத கட்டைவிரல் அதை மட்டும் உணர்ந்தது. பிசிறு இருந்தால் அழுத்தும், இல்லாவிட்டால் வராது. முதலில் அம்சத்துக்குக் காய்ச்சலே கண்டுவிட்டது. அப்புறம் பயந்துகொண்டே பிழைத்தாள்.

ஒருநாள் ஒரு பெட்டிச் சரக்கு பிசிறோடு திரும்பி வந்தது. சூப்பர்வைசர் துரைராசு எல்லோரையும் கண்ணை மூடிச் சக்கரத்தைத் தடவி, பிசிறு உண்டா இல்லையா என்று சொல்லச் சொல்லிச் சோதித்தார். தப்பாகச் சொன்ன ஒருத்தியை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அம்சம் பத்துச் சக்கரத்தையும் பிசகாமல் சொன்னாள்.

"பலே! இனிமே செக்கிங் முழுக்க நீங்கதாம்மா," என்று கடைசிச் சக்கரத்தை வாங்கக் கை நீட்டினார். அவள் விரல் அவர் மணிக்கட்டில் பட்டது.

ஐயோ, அந்த அழுத்தல்! இதுவரை இல்லாத பலத்தோடு, எலும்பு நோக அழுத்தியது. சக்கரத்தில் இல்லை, மனுஷன் உடம்புக்குள்ளேயே ஏதோ பிசிறு.

பேசாமல் நகர்ந்துவிட்டால் வேலை நிலைக்கும். வீரையன் முகம் கண்முன் வந்து நின்றது. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"சார், ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே போங்க."

"எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன். உங்களுக்கு யாரு சொன்னது?"

"என் விரல் செத்து எட்டு மாசமாச்சு சார்," என்றாள் அம்சம். "இத்தன நாளும் பாத்தது நான் இல்ல."