வெந்துபோன விதைப்பூண்டு

கவுஞ்சியில் விதைப்பூண்டுக்குப் புகை போடுவதில் சிவபாக்கியத்தை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். அறுத்த பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகக் கொட்டகையின் குறுக்குக் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே ஈர விறகை மூட்டம் போட்டு, நடவு வரும்வரை புகையிலேயே வைத்திருக்க வேண்டும். நெருப்பு கனன்றுகொண்டு கிடக்கலாம், எரியக் கூடாது. எரிந்தால் பூண்டு வெந்துவிடும். வெந்த பூண்டு வெளிப்பார்வைக்கு நல்ல பூண்டு மாதிரியே இருக்கும். மண்ணில் போட்டால் முளைக்காது. இதற்குப் பலமோ படிப்போ வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தால் போதும். இருபத்திரண்டு வருடம் அப்படிக் கவனித்தவள் அவள். நாத்தனார் ஜோதிமணி தன் வீட்டு விதையையும் வருடா வருடம் அவள் கொட்டகையில்தான் கொண்டுவந்து கட்டினாள்.

போன் வாங்கியது சந்தையில் பூண்டு விலை பார்க்க. கேட்டவர்களிடம் அவள் அப்படித்தான் சொல்வாள். விலை பார்க்க அரை நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு, யாரென்றே தெரியாத ஒரு மாமியாரும் மருமகளும் போடும் சண்டை, எந்த ஊரிலோ ஒருத்தி மீன் கழுவுவது, யார் வீட்டுக்கோ பால் காய்ச்சுவது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக வந்து நிற்கும்.

ஐப்பசி நடவுக்கு இரண்டு நாள் இருந்தது. காலையில் மூட்டத்துக்கு விறகு தள்ளிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அன்று போனில் ஒருத்தி பூண்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். நல்லெண்ணெயில் பூண்டு வதங்கியது. வதங்கும் மணமும் வந்தது. எவ்வளவு பக்குவமாக வதக்குகிறாள் என்று சிவபாக்கியம் மெச்சிக்கொண்டாள். போனிலிருந்து மணம் வராது என்பது அவள் புத்திக்கு எட்டியபோது, போனில் இருந்தவள் அந்தக் குழம்பையே இறக்கி வைத்துவிட்டிருந்தாள்.

நிமிர்ந்தால், தீ முழங்கால் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. குடத்துத் தண்ணீரைக் கொட்டி அணைத்தாள். கீழ் வரிசைக் கட்டுகள் கை வைக்க முடியாமல் சுட்டன. ஒரு பல்லை உரித்து நகத்தால் பிளந்தாள். உள்ளே முளை வெந்து, கண்ணாடி போல நிறமற்றுக் குழைந்திருந்தது. கீழ் வரிசை முழுவதும் ஜோதிமணியுடையது.

கருகல் வாடை அடித்துக் கணவன் நாச்சிமுத்து தோட்டத்திலிருந்து வந்தான்.

"என்ன இப்படிக் கெடக்கு?"

"அஞ்சு நிமிசம் அசந்துட்டேங்க. அஞ்சே நிமிசம்."

அவன் தரையில் கிடந்த போனை எடுத்துத் தட்டினான். எத்தனை நேரம் பார்த்தோம் என்று அதுவே கணக்கு வைத்திருக்கும் இடம் அவனுக்குத் தெரியும்.

"இன்னைக்கு வெள்ளனே இருந்து ஒரு மணி அம்பது நிமிசம்னு போட்டிருக்கு. நேத்து அஞ்சே கால் மணி நேரம்."

"பொய் சொல்லுது. நேத்து நான் களை எடுக்கல? சோறாக்கல?"

"எடுத்த. ஆக்குன. அது இதுல வராதுல்ல."

"எங்க, ஒங்க போன எடுங்க பாப்போம்."

"என் சோலி இப்ப எதுக்கு," என்று அவன் போனைக் கீழே வைத்தான்.

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஐந்தேகால் மணி நேரம். காய்ச்சலில் கிடந்த அக்காவைப் போய்ப் பார்க்க நேரமில்லை என்று போன வாரம்தான் சொல்லியிருந்தாள். தினம் ஐந்து மணி நேரம் கொடு என்று எவனாவது வாசலில் வந்து நின்றிருந்தால் விளக்குமாற்றால் அடித்து விரட்டியிருப்பாள். எவனும் வந்து கேட்கவில்லை. போனுக்குப் பின்னால் இருக்கிற எவனோ அரை அரை நிமிடமாக உருவிக்கொண்டு போனான். உருவினவனுக்குக் கவுஞ்சி என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. அவனை இங்கே இருந்து எவ்வளவு திட்டினாலும் அவனுக்கு உறைக்காது. அவன் வந்து அவள் கழுத்தைப் பிடித்துக் குனிய வைக்கவும் இல்லை என்று நினைத்தபோது ஆத்திரம் இரட்டித்தது.

"வெறகுல காஞ்ச கட்டை கலந்து வந்துருச்சுன்னு சொல்லிரு. ஜோதி நம்பிருவா," என்றான் நாச்சிமுத்து.

காய்ந்த கட்டை கலந்திருந்தது உண்மைதான். அதுதான் அவளை இன்னும் எரித்தது.

"காஞ்ச கட்டையப் பாத்து எடுத்துப் போடத்தான என்னைய இங்க உக்கார வச்சிருக்கு? பெறகு நான் எதுக்கு, ஒரு கல்ல வச்சிருக்கலாம்ல?"

மதியம் ஜோதிமணி விதை எடுத்துப்போகச் சாக்கோடு வந்தாள். சிவபாக்கியம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். இதை மெச்ச ஒன்றுமில்லை. பொய் தயாராக இருந்தது, அது அவளுக்குக் குமட்டியது, அவ்வளவுதான்.

ஜோதிமணி இரண்டு பல்லைப் பிளந்து முகர்ந்தாள்.

"அப்படி எதப் பாத்துக்கிட்டிருந்தீங்க மதினி?"

"பூண்டுக் குழம்பு வக்கிறத."

"அதுக்கு எங்க பூண்டுதான் கெடச்சுச்சா?"

அவள் சிரிக்கவில்லை. சிவபாக்கியம் மேல் வரிசையிலிருந்து தன் கட்டுகளை இறக்கிச் சாக்கில் போட்டாள்.

"இது எங்களுது. சூடு ஏறல, பல்லப் பிளந்து பாத்துட்டேன். நீ வெரசா நட்டுரு. நாங்க இந்தப் போகம் பீன்ஸ் போட்டுக்கிறோம்."



பாதி போதும் மதினி என்று ஜோதிமணி ஒரு வார்த்தை சொல்வாள் என்று சிவபாக்கியம் எதிர்பார்த்தாள். சொல்லவில்லை. சாக்கின் வாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அடுத்த போகத்துல இருந்து எங்க விதைய எங்க அடுப்புக்கு மேலயே கட்டிக்கிறோம் மதினி. கோவிச்சுக்காதீங்க."

இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு சொல்லைச் சிவபாக்கியம் கேட்டதில்லை. யாரோடு சண்டைக்குப் போவது என்று தெரியவில்லை. குனிந்து சாக்கைத் தூக்கி ஜோதிமணியின் தலையில் ஏற்றிவிட்டாள்.

ஜோதிமணி போனபின் சிவபாக்கியம் கொட்டகைக்குள் போய், வெந்த கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினாள். நாச்சிமுத்து கை கொடுக்க வந்தான். வேண்டாம் என்றாள்.