பயனிலை இல்லாத வாக்கியங்கள்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் ஏர்கோன் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், கூட வேலை செய்தவரிடம் ஸ்பேனர் கேட்கப் போய் ஏதோ உளறியிருக்கிறார். விளையாடுகிறார் என்று அந்த ஆள் சிரித்திருக்கிறார். அடுத்த நிமிடம் இவர் ஏணிக்குப் பக்கத்தில் சரிந்துவிட்டார்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வலது காலும் கையும் பாதிக்குத் திரும்பி வந்தன. பேச்சும் வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். என்னைப் பார்த்து என் பெயரைச் சொன்னார். நர்ஸ் கொண்டுவந்த தட்டைப் பார்த்து "கஞ்சி" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

வீட்டுக்கு வந்த அன்று மாலை "தண்ணி" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்கவில்லை. இடது கையால் தம்ளரைத் தள்ளிவிட்டு மறுபடியும் "தண்ணி, தண்ணி" என்றார். சுடுதண்ணி வேண்டுமா என்று கேட்டேன். குளிக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் முகம் சிவந்துபோனது. கடைசியில் அவர் பார்த்த பக்கம் திரும்பினால், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த என் தொழிற்சாலைச் சீருடை நான்கும் தொப்பலாக நனைந்திருந்தன.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அவரிடம் பெயர்கள் எல்லாம் இருந்தன. சோறு, சட்டை, லைட், பஸ், வலி. ஆனால் அந்தச் சோற்றை என்ன செய்வது, அந்த பஸ் வந்ததா போனதா என்று சொல்லும் சொல் மட்டும் அவர் வாயில் இல்லை. வாயைத் திறப்பார், கை காற்றில் எதையோ தேடும், பிறகு கண்ணை மூடிக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஒரு மலாய்ப் பெண். முப்பது வயது இருக்கும். என்னை 'காக்' என்று கூப்பிடுவார், அக்கா மாதிரி. இரண்டாவது சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்.

"கத்தா கெர்ஜா தாக் கெலுவார், காக்."

வினைச்சொல் வெளியே வரவில்லை என்று. சிலருக்கு இப்படி ஆகும், பெயர்ச்சொல் இருக்கும், வினை போய்விடும், வினை போனால் வாக்கியம் நிற்காது என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். வீட்டில் பேசும் மொழியில்தான் பயிற்சி செய்ய வேண்டும், தனக்குத் தமிழ் தெரியாது, அதனால் சொற்பட்டியலை நான்தான் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றார். ஒரு படத்தை எடுத்து வைத்தார். ஒருவர் சோறு சாப்பிடும் படம்.

"மலாயில் இது மாக்கான். நேற்றும் மாக்கான், நாளைக்கும் மாக்கான். நான் என்றாலும் அவர் என்றாலும் மாக்கான். தமிழில் என்ன?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். சாப்பிடு. சாப்பிடுறேன். சாப்பிட்டேன். சாப்பிட்டாரு. சாப்பிட்டா. சாப்பிட்டுச்சு. சாப்பிடுவேன். சாப்பிடல. சாப்பிடாம. அவர் எழுதிக்கொண்டே வந்த பேனா ஒன்பதாவது சொல்லில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது இரக்கம் என்று இப்போது புரிகிறது.

"இது எல்லாமே ஒரே சொல்லா, காக்?" என்றார்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவள். இலக்கணம் வந்தாலே வயிறு வலிக்கும். எழுவாய், பயனிலை என்று ஆசிரியர் கோடு போடச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துப் போடுவேன். தெலுக் பங்லிமா காராங்கில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் லைன் லீடராக இருக்கிறேன். அந்த வேலைக்கு எழுவாயும் பயனிலையும் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து ரயிலேறி, கோலாலம்பூரில் தமிழ்க் கடைகள் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். புத்தகக் கடையில் இலக்கணப் பயிற்சி நூல் கேட்டதும் கடைக்காரர், "எந்த ஆண்டு பிள்ளைக்கு அக்கா?" என்றார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "நாலாம் ஆண்டு" என்று பொய் சொன்னேன். திரும்பும்போது ரயிலிலேயே படிக்க ஆரம்பித்தேன். செயலைச் செய்பவர் எழுவாய். செயலை ஏற்பது செயப்படுபொருள். வாக்கியத்தை முடித்து வைப்பது பயனிலை. மூன்று வரிதான். பத்து வயதில் இது ஏன் எனக்குப் புரியாமல் போனது என்று யோசித்தேன். அன்று புரிந்தது, ஏனென்றால் முடிக்க முடியாத ஒரு மனிதர் எனக்காக வீட்டில் காத்திருந்தார்.

மணிலா அட்டையை வெட்டி இருபது அட்டைகள் செய்தேன். பேரங்காடி விளம்பரத்தாளிலிருந்து படங்கள் ஒட்டினேன். படம் கிடைக்காததற்கு நானே வரைந்தேன். வா, போ, கொடு, வாங்கு, குடி, உட்கார், படு, எழுந்திரு. 'படு' அட்டையில் ஒரு கட்டிலும், அதன்மேல் குச்சி குச்சியாக ஓர் ஆளும்.

தினமும் இரவு எட்டரை மணிக்கு, குளித்துச் சாப்பிட்டபின், பயிற்சி. "யாரு? நீங்க. என்ன செஞ்சீங்க? குடிச்...?" என்று நான் ஆரம்பித்துக் கொடுப்பேன். "குடிச்... குடி... தண்ணி" என்பார். சில நாள் "குடி" மட்டும் வரும். அதற்குப் பின்னால் வரவேண்டிய காலமும் ஆளும் வராது. குடித்தது யார், எப்போது என்று இல்லாத ஒரு மொட்டைச் சொல். ஒரு மாதம் முடிந்தபோது இருபதில் மூன்று வந்திருந்தது. மூன்றும் மறுநாள் போய்விட்டன. நான் குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுவேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் முதல் அட்டையை எடுப்பேன்.

அவருக்கு ஒரே தங்கை. கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங்கில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள், ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் வேலை. எனக்கு லீவு கிடைக்காத நாட்களில் அவள்தான் சின்னக் காரில் வந்து அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். தினமும் மதியம் அவருக்குப் போன் செய்வாள். பதில் எதிர்பார்க்காமல் அவள்பாட்டுக்குப் பேசுவாள், இவர் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பார். "அண்ணி, நீங்க ரொம்ப டீச்சர் மாதிரி பண்றீங்க லா. சும்மா பேசுங்க அவருகிட்ட" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. தினமும் கூட இருப்பது நான் என்று நினைத்தேன்.

அன்று புதன்கிழமை. தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது ஏழு மணி. கதவுக்கு உள்ளேயே, கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். கையில் போன்.

"தங்கச்சி" என்றார். "ஆஸ்பத்திரி."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மென்ட் இருந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஆமாங்க. தங்கச்சி கூட்டிட்டுப் போகும்."

"இல்ல. ஆமா. இல்ல." அவருக்கு அப்போது ஆமாவும் இல்லையும் மாறி மாறி வரும். "தங்கச்சி... ஆஸ்பத்திரி... தங்கச்சி!"

நான் களைத்திருந்தேன். ஆனால் களைப்பின் மேல் பழியைப் போட முடியாது. உண்மையைச் சொன்னால் எனக்கு அன்று ஒரு உற்சாகம்கூட வந்தது. அவராகவே ஒரு வாக்கியம் சொல்ல முயற்சி செய்கிறார், எழுவாய் இருக்கிறது, இடம் இருக்கிறது, பயனிலை மட்டும்தான் பாக்கி என்று தோன்றியது. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அட்டைகளை எடுத்து மேசைமேல் பரப்பினேன்.

"முழுசா சொல்லுங்க. தங்கச்சி ஆஸ்பத்திரிக்கு...? வந்துச்சா? போச்சா? எது, காட்டுங்க."

அவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கண் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. இடது கையால் ஓர் அட்டையை எடுத்து என் முன்னால் அடித்து வைத்தார்.

படு.

"படுக்கணுமா? களைப்பா இருக்கா?" என்றேன்.

அவர் அந்த அட்டையை மறுபடியும் தட்டினார். "தங்கச்சி" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது.

"சரி, சரி. நாளைக்குப் பேசலாம் தங்கச்சிகிட்ட. இப்ப வாங்க" என்று சொல்லி, தோளைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய், கட்டிலில் படுக்க வைத்து, காற்றாடியைப் போட்டுவிட்டு வந்தேன். அவர் திமிறினார். பிறகு விட்டுவிட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வேலையிடத்தில் எங்கள் போன் எல்லாம் லாக்கரில் இருக்கும். அன்று மதியம் நாத்தனாரிடமிருந்து ஓர் அழைப்பு வந்து தவறியிருந்ததை இரவு சாப்பிடும்போதுதான் பார்த்தேன். திரும்ப அழைத்தேன். போன் அணைந்திருந்தது. சார்ஜ் இல்லை போல என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை அவர் எதையும் சாப்பிடவில்லை என்று பகலில் அவருக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டு ஆன்டி சொன்னார். அட்டைகள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. பிடிவாதம் என்று நினைத்து, நானும் பேசாமல் பொறுக்கி அடுக்கி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு சூப்பர்வைசர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். என் போன் கிடைக்காமல் தொழிற்சாலை எண்ணைத் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்திருக்கிறார்கள். நாத்தனாருக்கு டெங்கி. புதன்கிழமை காலையில் தானாகவே போய்ச் சேர்ந்திருக்கிறாள். இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில்.

வாடகைக் காரில் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தான் போட வராமல் இடது கை தடுமாறியது. நான் போட்டுவிடக் குனிந்தேன். என் கையைத் தட்டிவிட்டார். கோலாலம்பூர் போய்ச் சேரும்வரை காரில் அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்கு நினைவில்லை. உடம்பெங்கும் குழாய்கள். பத்து நிமிடம்தான் விட்டார்கள். அவர் அவள் காலடியில் நின்று பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். வெளியே நர்ஸ் என்னிடம் மலாயில் கேட்டார், ஏன் இத்தனை நாள் யாரும் வரவில்லை என்று. குற்றம் சொல்லும் குரலில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"புதன்கிழமை நல்லா பேசிட்டுத்தான் இருந்தாங்க. வீட்டுக்குச் சொல்லணுமான்னு கேட்டோம். அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், அண்ணிக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும், வந்துருவாங்கன்னு சொன்னாங்க."

சனிக்கிழமை விடியலில் அவள் இறந்துவிட்டாள். முதல் நாளே வந்திருந்தாலும் நோய் இப்படித்தான் திரும்பியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் இரண்டு முழு நாட்கள் அவள் கட்டிலில் படுத்தபடி வார்டு வாசலைப் பார்த்திருப்பாள். அதை எந்த டாக்டரும் மாற்றிச் சொல்ல முடியாது.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் போனபிறகு, வீட்டில் நாங்கள் இரண்டுபேர் மட்டும். ஒரு ஞாயிறு பிற்பகல். நான் தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் இருந்தார்.

"சொன்னேன்" என்றார்.

தப்பாகக் கேட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னேன்" என்றார் மறுபடியும். "சொன்னேன். சொன்னேன்."

பக்கவாதம் வந்து ஐந்து மாதத்தில் அவர் வாயிலிருந்து தானாக வந்த முதல் முழு வினை. எழுவாய் வெளியே தெரியவில்லை என்றாலும் வாக்கியம் நிறைவாகும் என்று அந்தப் பயிற்சி நூலில் போட்டிருந்தது. யார் என்பதும் எப்போது என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கும். எத்தனை மாதம் அதற்காகக் காத்திருந்தேன். வந்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஆமாங்க. நீங்க சொன்னீங்க. எனக்குத்தான் புரியல" என்றேன்.

அவர் அழுதார். நானும் அழுதேன். ஆனால் சேர்ந்து அழவில்லை. அவர் நாற்காலியில், நான் தரையில்.

பயிற்சியாளரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கையிலிருந்த படங்களை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அவர் எதையாவது சொல்ல வரும்போது பயிற்சி வேண்டாம், காக். அப்போது கேட்டால் மட்டும் போதும். நான் இதை முதல் நாளே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. என் நாத்தனார் இதையேதான் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அவள் போய் இப்போது ஓர் ஆண்டு ஆகப்போகிறது. அவரிடம் முப்பது வினைகள்வரை இருக்கின்றன. பெரும்பாலும் நடந்து முடிந்தவை: வந்தேன், பார்த்தேன், விழுந்துச்சு. நாளைக்கு என்று சொல்வார், அதற்குப் பிறகு வினை வராது. அது கடைசியில்தான் வரும், சிலருக்கு வராமலேயும் போகலாம் என்கிறார் பயிற்சியாளர். என் கணவர் ஒரு பெயரைச் சொன்னால் நான் இப்போது எதையும் சேர்ப்பதில்லை. யாரு, நடந்துச்சா, நடக்கணுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். சில நாள் அவருக்கே அலுத்துப்போய், கையை வீசிவிட்டு எழுந்து போய்விடுகிறார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று தெரியாமலேயே அந்த நாள் முடிந்துவிடுகிறது. அப்படி முடிந்த நாட்களில் எனக்கு உறக்கம் வருவதில்லை. எதைத் தவறவிட்டேன் என்று படுத்துக்கொண்டே ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்க்கிறேன்.

போன வாரம் அவரிடம் கேட்டேவிட்டேன். "என்மேல கோவமா இருக்கீங்களா?"

வெகுநேரம் யோசித்தார். வாய் அசைந்தது. ஒன்றும் வரவில்லை. பிறகு தலையை ஆட்டினார். அது ஆமாவா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் முறை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.