மணல்மேட்டில் அப்பா எடுத்த களை

அப்பா சரியென்று சொன்னால்தான் நெதர்லாந்தில் நாங்கள் வீடு வாங்க முடியும். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். தொண்டாமுத்தூரில் துண்டு நிலம் என்றாலும் அவர் மண்ணை அள்ளிப் பார்க்காமல் பேச்சை முடிக்க மாட்டோம். நாங்கள் பார்த்து வைத்திருந்த வீடோ ஒரு கடலோரக் கிராமத்தில், கடல் மட்டத்தைவிடத் தாழ்வான தெருவில் இருந்தது.

"கடலுக்குக் கீழ ஊடா? கேக்கறவங்க சிரிப்பாங்க கண்ணு" என்று போனை வைத்துவிட்டார்.

நான் விடுவேனா? மார்ச் மாதக் குளிரில், குல்லாவும் மப்ளருமாக அவரை அந்த ஊரிலேயே கொண்டுவந்து நிறுத்தினேன்.

அந்த ஊர் என்றால் எனக்குப் பைத்தியம். வெள்ளைக் கலங்கரை விளக்கம், குதிரை பூட்டி மணலில் இழுத்த பழைய படகு, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர் வெட்டிய கல், எல்லாவற்றையும் ஒரே காலையில் காட்டிவிடத் துடித்தேன். ஊர்க் காட்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் எழுபது வயது அம்மாள் ஒருவரும் கூட வந்தார். கடலைக் காட்டி, பழைய தேவாலயம் அந்த அலைகளுக்குள்தான் இருந்தது, தெருத் தெருவாகக் கடல் தின்றது, ஊரே பின்னால் நகர்ந்து வந்தது என்றார். நான் இருந்த உற்சாகத்தில் ஒரு வார்த்தை விடாமல் அப்பாவிடம் தமிழில் சொல்லித் தொலைத்தேன்.

"கேட்டியா? கோயிலயே முழுங்கிப்போட்டுதாம். உன்ற ஊடு எந்த மூலைக்கு?"

என் வாயாலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன். என் மேலேயே எனக்குக் கோபம்.

கலங்கரை விளக்கத்தைப் பற்றி அம்மாளிடம் கேட்டுவிட்டுத் திரும்பினால், அப்பாவைக் காணோம். கயிறு கட்டித் தடுத்திருந்த மணல்மேட்டில் குந்தியிருந்தார். பக்கத்தில் பிடுங்கிப் போட்ட புல் ஒரு குவியல்.

"இத்தன கோரை மண்டிக் கெடக்குது, ஒருத்தரும் களை எடுக்கறதில்லையாட்ட இருக்குது!"

அம்மாள் கத்திக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன். அந்தப் புல்லின் வேர்தான் மணலைப் பிடித்து நிறுத்துகிறது, அந்த மணல்தான் கடலை ஊருக்குள் விடாமல் தடுக்கிறது, குளிர்காலம்தோறும் ஊர்க்காரர்கள் கையால் நடுகிறார்கள், இந்த வாரம்கூட தினமும் நடவு நடக்கிறது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அப்பாவின் முகம் செத்துவிட்டது.

"ஏனுங்கம்மா, தெரியாம செஞ்சுபோட்டேனுங்க" என்று அந்த அம்மாளைக் கும்பிட்டார். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

உடனே குழி பறித்து நடத் தொடங்கினார். அம்மாள் ஒவ்வொரு கொத்தையும் இழுத்துப் பார்த்தார். ஒன்று கையோடு வந்துவிட்டது. தலையை ஆட்டி, இன்னும் ஆழமாக என்று முழங்கையைத் தொட்டுக் காட்டினார். எங்கள் ஊரில் அப்பாவின் நடவில் குறை சொல்ல ஆள் கிடையாது. சண்டை வரப்போகிறது என்று பயந்தேன். அவர் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி அதை மறுபடி நட்டார். அம்மாள் மறுபடி இழுத்தார். இந்த முறை வரவில்லை.

இறங்கி வரும்போது அப்பாவே பேச்சை எடுத்தார்.

"ஒரு புல்லக்கூட அந்தம்மா சும்மா உடல பாத்தியா? இப்படியாப்பட்ட சனம் இருக்கற ஊரு. ஊட்ட வாங்கிக்கோ கண்ணு."

நடுத்தெரு என்றும் பாராமல் கத்தி அவரைக் கட்டிக்கொண்டேன்.

"அத உடு" என்றார். "நாளைக்கு எத்தன மணிக்கு நடறாங்கன்னு அந்தம்மாகிட்டக் கேளு."